நாவல் கடைசியில், பகடை முதலில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பிதழில் விடுமுறைப் பரிசுகளைப் பற்றி வந்த பக்கத்தில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வகை விளையாட்டுகளுக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். தமிழ் நாளிதழில் இதுவே அபூர்வம், நன்றி. ஆனால் அந்த அரைப்பக்கத்தை நம்பிக் கடைக்குப் போகும் பெற்றோர் பை நிறையச் சாமானோடு திரும்புவார்கள், வீட்டில் ஆட்டம் மட்டும் நடக்காது. இந்த விளையாட்டுகளை ஒட்டி வரும் நாவல், சாகசப் புத்தகம், துணைப்பொருள் மூன்றையும் ‘கதைப் புத்தகங்களும் பொம்மைகளும்’ என்று ஒரே கூடையில் போட்டதோடு, நாவலை முதலில் வாங்கிக் கொடுங்கள் என்றும் எழுதியிருக்கிறது கட்டுரை. வரிசை அப்படியே தலைகீழ்.

தெரியாத வாசகர்களுக்காக நாலு வரி. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துபவர். அவரை டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி. டிஎம் இடத்தை வர்ணிப்பார், மற்றவர்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும்போது இருபது முகப் பகடை உருளும். அவ்வளவுதான். வெற்றி, தோல்வி, காய் வெட்டு எதுவும் கிடையாது.

அட்வென்சர் அல்லது மாட்யூல் எனப்படும் சாகசப் புத்தகத்தைக் கதைப் புத்தகமாக நினைத்துப் படிப்பவர் பத்தாவது பக்கத்திலேயே மூடிவிடுவார். அதில் கதை நடப்பதில்லை. கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முன்னால் சமையற்கட்டைப் பார்த்த மாதிரி இருக்கும். இலை நறுக்கி வைத்தாயிற்று, சாம்பார் அண்டாவில், பாயசம் அடுப்பில். யார் முதலில் வந்து உட்காருவார், யார் ரசத்தோடு எழுந்து போவார் என்பது யாருக்கும் தெரியாது. அறை எண் 7: நான்கு பூதங்கள், ஒரு பூட்டிய பெட்டி, வடக்குச் சுவரில் மறைகதவு. இவ்வளவுதான் எழுதியிருக்கும். பூதங்களோடு சண்டை போடுவதா, பேரம் பேசுவதா, கதவைச் சாத்திவிட்டு ஓடுவதா என்று முடிவு செய்பவர்கள் ஆடுபவர்கள். நாவலாசிரியர் இந்த முடிவையெல்லாம் நமக்காக எடுத்துவிட்டுத்தான் எழுதவே உட்காருகிறார். இந்த இரண்டு வேலையும் ஒன்றல்ல என்பதற்கு இந்த விளையாட்டின் வரலாறே சாட்சி.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இந்த விளையாட்டு 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து டிஎஸ்ஆர் நிறுவன வெளியீடாக வந்தது. முதல் அச்சு 1,000 பெட்டிகள். பெட்டிக்குள் மூன்று சிறு விதிப்புத்தகங்கள்தான். நாவலும் ஆட்டமும் பெரிய அளவில் கைகோத்தது 1984இல், டிராகன்லான்ஸ் தொடரில். ஒரு பக்கம் சாகசப் புத்தகங்கள், 1984 முதல் 1986 வரை 14 வெளியீடுகள். மறுபக்கம் அதே நாயகர்களை வைத்து மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் எழுதிய மூன்று நாவல்கள். முதல் நாவல் 1984 நவம்பரில் வந்தது. நாவல்கள் ஓடின, சாகசப் புத்தகங்களும் விற்றன. ஆனால் மேஜையில் ஒரு சிக்கல் முளைத்தது. அடுத்த புத்தகத்தில் வரவேண்டிய ஆள் இந்தப் புத்தகத்தில் பகடை சரியில்லாமல் செத்துப்போனால் என்ன செய்வது? அதற்காகவே ஒரு விதி போட்டார்கள்: முக்கியமான பாத்திரம் சாகிறது என்றால் சடலம் கிடைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், மலையிடுக்கில் விழுந்தான், வெள்ளத்தில் போனான் என்று விட்டுவிடுங்கள், பிறகு தப்பித்து வந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். நம்மூர் மெகா தொடரில் ஆற்றில் விழுந்த மாமனார் ஆறு மாதம் கழித்துத் தாடியோடு வருகிறாரே, அதே உத்தி. நாவலில் இது செல்லும். மேஜையில் ஒரு முறைதான் செல்லும். இரண்டாம் முறை, நாம் எதைச் செய்தாலும் கதை தன் வழியில்தான் போகும் என்று ஆடுபவர்களுக்குப் புரிந்துவிடும். அப்புறம் பகடையை உருட்டுவது சம்பிரதாயம்.

இதனால் நாவல்கள் மட்டம் என்று சொல்லவில்லை. விளையாட்டு விதி ஒன்றை உணர்ச்சியாக மாற்றிக் காட்டியதில் டிராகன்லான்ஸின் முதல் மூன்று நாவல்களுக்கு இணை குறைவு. அக்கால விதிப்படி மந்திரவாதி காலையில் மந்திரங்களை மனப்பாடம் செய்ய வேண்டும். ஒன்றைப் பிரயோகித்ததும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். மறுபடி வேண்டுமானால் தூங்கி எழுந்து மறுபடி படிக்க வேண்டும். இந்த ஏற்பாடு அமெரிக்க எழுத்தாளர் ஜாக் வான்ஸின் 1950ஆம் ஆண்டுக் கதைகளிலிருந்து வந்தது. மேஜையில் இது வெறும் கணக்கு: இன்று மூன்று மந்திரம், இரண்டு போயிற்று, ஒன்று மிச்சம். நாவலில் ரேஸ்ட்லின் என்ற மந்திரவாதி ஒவ்வொரு பிரயோகத்துக்கும் பிறகு துவண்டு விழுகிறான், இருமுகிறான், அண்ணன் தோளில் சாய்ந்துகொண்டு அதே அண்ணனை வெறுக்கிறான். கணக்கு, குணமாகிவிட்டது. இது தெரிந்தவர் செய்த வேலை. இதே வகையில் பின்னால் வந்த பல நாவல்களில் நடப்பது வேறு. நாயகன் நெஞ்சில் கத்தி வாங்குவான், பூசாரி கை வைப்பார், நாயகன் எழுந்து அடுத்த அறைக்குப் போவான். மேஜையில் ‘ஹிட் பாயிண்ட்’ என்பது காயம் மட்டுமல்ல, மூச்சு, அதிர்ஷ்டம், தைரியம் எல்லாம் சேர்ந்த கையிருப்பு. அதை அப்படியே ரத்தமாக மொழிபெயர்த்தால் பக்கத்துக்குப் பக்கம் பகடை உருளும் சத்தம்தான் கேட்கும்.

இன்னொரு நடைமுறைத் தொல்லையும் நாவலிலிருந்து வருகிறது. ஆர். ஏ. சால்வடோர் 1988இல் எழுதிய முதல் நாவலில் நாயகனாக நினைத்தது வுல்ஃப்கார் என்ற இளைஞனை. துணைப்பாத்திரமாக அவசரத்தில் சேர்த்த டிரிஸ்ட் என்ற இரட்டை வாள் வீரன்தான் தொடரையே கைப்பற்றினான். தன் இனத்தை விட்டு ஓடிவந்தவன், தனியன், பேச்சு குறைவு. படிக்க அருமை. ஆனால் அந்த நாவலைப் படித்துவிட்டு மேஜைக்கு வரும் நாலு பேரில் மூன்று பேர் ‘என் கேரக்டர் யாரோடும் சேர மாட்டான், மூலையில் நிற்பான்’ என்றே ஆரம்பிப்பார்கள். மூன்று தனியன்கள் மூன்று மூலையில் நின்றால் ஆட்டம் எங்கே நடக்கும்? கேரக்டர் ஷீட் (பாத்திரத்தின் விவரத்தாள்) எழுதும்போதே ஒரு வரியைக் கட்டாயமாக்குங்கள்: ‘இந்தக் கூட்டத்தில் வலதுபக்கம் இருப்பவரோடு நான் ஏன் போகிறேன்?’ கடன் பாக்கி, ஒரே ஊர், சின்ன வயதில் காப்பாற்றியவர், எதுவானாலும் சரி. வாளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இது எழுதியாக வேண்டும்.

சாகசப் புத்தகங்களுக்கு வருகிறேன். கட்டுரையில் ‘பழைய செவ்வியல் சாகசங்களிலிருந்து தொடங்குங்கள்’ என்று இருந்தது. இது ஆபத்தான யோசனை. 1978இல் அச்சான ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ முதலில் 1975இல் ஆரிஜின்ஸ் என்ற விளையாட்டுத் திருவிழாவில் போட்டிக்காக நடத்தப்பட்டது. அடிமை வணிகர்களை எதிர்க்கும் வரிசையும் 1980 ஜென்கான் விளையாட்டுத் திருவிழாப் போட்டியில் பிறந்ததுதான். போட்டி என்றால் குறித்த நேரத்தில் எந்தக் குழு எவ்வளவு தூரம் பிழைத்திருந்தது என்று மதிப்பெண் போட வேண்டும். அதனால் ஒரு தப்படி எடுத்தால் சாவு என்ற பொறிகள் வரிசையாக இருக்கும். அதை வீட்டில் வாராவாரம் ஆடும் குழுவுக்குப் பரிமாறினால் முதல் வாரத்தோடு கடை கட்டவேண்டியதுதான். ஆனால் அதே புத்தகத்தில் ஒரு நல்ல விஷயம் உண்டு: ஆடுபவர்களிடம் காட்டுவதற்கென்றே ஒரு படத்தொகுப்பு இணைத்திருந்தார்கள். கல்முகம் எப்படி இருக்கிறது என்று ஐந்து நிமிடம் பேசுவதைவிடப் படத்தைத் தூக்கிக் காட்டுவது மேல். துணைப்பொருள் என்றால் அதுதான் துணைப்பொருள்.

தொடக்கத்துக்கு 2014இல் வந்த ஸ்டார்ட்டர் செட் இன்றும் நல்ல அளவுகோல். 32 பக்க விதிப்புத்தகம், 64 பக்கச் சாகசம், தயாராக எழுதிய 5 கேரக்டர் ஷீட், 6 பகடைகள். இந்தச் சாகசத்தை ஆடும் பக்கத்தில் உட்காரப் போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

வண்டியோடு போகும் வழியில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன. புதரில் நான்கு கோப்ளின்கள், அதாவது குட்டிப் பூதங்கள். படித்தால் சாதாரணக் காட்சி. ஆடினால் பல குழுக்கள் அரைமணி நேரத்தில் மண்ணைக் கவ்வும் இடம். காரணம் கணக்கில் இருக்கிறது. கோப்ளினுக்கு ஆர்மர் கிளாஸ் (அதன் மேல் அடி விழப் பகடையில் எட்டவேண்டிய எண்) 15, ஹிட் பாயிண்ட் 7, அடிக்க +4 (உருட்டிய எண்ணோடு கூட்டுவது), அடித்தால் ஆறுமுகப் பகடையோடு 2, அதாவது சராசரி 5 அல்லது 6. பதுங்க +6. முதல் நிலை மந்திரவாதியிடம் சுமார் 8 ஹிட் பாயிண்ட், ஆர்மர் கிளாஸ் 12. கோப்ளினுக்கு இருபதுமுகத்தில் 8 வந்தால் போதும், நூற்றுக்கு 65. ஒரே அடியில் மந்திரவாதி சாய்வதற்கு ஆறில் ஒரு வாய்ப்பு. இரண்டு அடி விழுந்தால் பிழைப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதில் கோப்ளின்கள் மறைந்திருந்து முதலில் தாக்கினால், மந்திரவாதியின் முறை வருவதற்குள் அவர் தரையில். ஆடவந்த பிள்ளை அடுத்த அரைமணி நேரம் கைபேசியைத்தான் பார்க்கும். புதிதாக நடத்துபவர் செய்யும் தப்பு, நான்கையும் ஒரே ஆள் மேல் ஏவுவது. புத்தகம் அப்படிச் சொல்லவே இல்லை. இரண்டு கோப்ளின்கள் கிட்டே வரும், இரண்டு தள்ளி நின்று அம்பு விடும், மூன்று விழுந்துவிட்டால் நாலாவது ஓடும் என்றுதான் இருக்கிறது. குழு தோற்றாலும் கொன்றுவிடுவதில்லை. மயக்கமாக விட்டுவிட்டுச் சாமான்களைச் சுருட்டிக்கொண்டு போகும். இந்த வரிகளை முதல் வாசிப்பில் கண் தாண்டிப்போகும். அதனால்தான் சாகசப் புத்தகத்தை இரண்டு முறை படிக்க வேண்டும் என்பது: முதலில் வேகமாக, பிறகு கையில் பென்சிலோடு.

பென்சிலோடு படிக்கும்போது ஒவ்வொரு அறைக்கும் ஓரத்தில் மூன்று குறிப்பு. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணிலோ காதிலோ மூக்கிலோ படுவது எது? உள்ளே இருப்பவனுக்கு என்ன வேண்டும்? இவர்கள் வராமலே போனால் அங்கே என்ன நடக்கும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத அறை, ஆள் வரும்வரை மூச்சுவிடாமல் நிற்கும் பொம்மலாட்ட மேடை. அடுத்து, பகடைக்குப் பின்னால் கதையை ஒளித்துவைத்த இடங்களைத் தேடுங்கள். ‘சுவரில் மறைகதவு, கண்டுபிடிக்க 15’ என்றிருக்கும். கையில் +3 உள்ளவருக்கு 12 விழவேண்டும், நூற்றுக்கு 45. அப்படிப்பட்ட நாலு பேர் தேடினால் யாராவது ஒருவர் கண்டுபிடிக்க நூற்றுக்கு 91. நல்ல எண்ணாகத் தெரிகிறதா? பதினோரு குழுக்களில் ஒன்று அந்தச் சுவர் முன்னால் நின்று தவிக்கும், அது உங்கள் குழுவாகவும் இருக்கலாம். கதவைத் தாண்டினால்தான் மீதிக் கதை என்றால் அந்தக் கதவுக்குப் பகடை வேண்டாம். தரையில் தேய்ந்த தடம், இடுக்கில் காற்று, கைதியின் வாக்குமூலம் என்று மூன்று தடயம் வையுங்கள். இரண்டைத் தவறவிட்டாலும் ஒன்று மாட்டும்.

தமிழில் நடத்துபவர்களுக்கு ஒரு விஷயம், இதை எந்த ஆங்கில வழிகாட்டியிலும் பார்க்க முடியாது. புத்தகத்தில் கட்டம் கட்டி, உரக்க வாசியுங்கள் என்று ஒரு பத்தி இருக்கும். அதை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு ‘இப்ப என்ன பண்றீங்க?’ என்று தமிழுக்குத் தாவினால் மேஜை குளிர்ந்துபோகும். முந்தின நாளே தமிழில் மூன்று வரியாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். ‘கதவு திறக்குது. உள்ளே மாட்டுத்தொழுவம் மாதிரி நாத்தம். மூலையில யாரோ இருமுறாங்க.’ போதும். ஆங்கிலத்தில் எதிரில் இருப்பவர் யாரானாலும் ‘யூ’ என்ற ஒரே சொல்தான், நமக்கு அப்படியில்லை. கோப்ளின் தலைவன் வீரனை ‘நீ’ என்கிறானா ‘நீங்க’ என்கிறானா என்பதிலேயே பேரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். மிரட்டும்போது ‘டேய்’, தோற்றதும் ‘சாமி’. இதற்கு நடிப்புத் திறமைகூட வேண்டியதில்லை. ஆடுபவர் பக்கமும் ஒரு சூட்சுமம்: ஒருவர் ‘நாங்க உள்ளே போறோம்’ என்றால் உடனே வாய் திறக்காதீர்கள். அந்த ‘நாங்க’வில் யார் யார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வாசலிலேயே நின்றதாக நினைத்துக்கொண்டிருந்தவர் பொறியில் விழுந்ததாகச் சொன்னால் சண்டை பூதத்தோடு நிற்காது.

துணைப்பொருளில் முதலும் முக்கியமும் பகடை. கட்டுரை எழுதியவர் விலையுயர்ந்த உலோகப் பகடையைச் சிபாரிசு செய்திருக்கிறார். கண்ணாடி மேஜை வைத்திருக்கும் வீட்டில் அதை உள்ளேயே விடாதீர்கள். பகடை கிடைக்காத காலமும் இருந்தது. 1979இல் தட்டுப்பாடு வந்தபோது டிஎஸ்ஆர் நிறுவனமே பெட்டிக்குள் பகடைக்குப் பதில் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைப் போட்டு விற்றது. கோப்பையில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுக்க வேண்டும். நம் வீட்டில் அதற்கும் மேலே வசதி உண்டு. ஒரு தாயக்கட்டை என்பது அச்சு அசல் நாலுமுகப் பகடை, வெற்றுமுகத்தை 4 என்று வைத்துக்கொண்டால் போதும். தாயக்கட்டையோடு ஒரு நாணயம் சேர்த்தால் எட்டுமுகம்: பூ விழுந்தால் 4 கூட்டு. ஆறுமுகத்தோடு நாணயம் பன்னிரண்டுமுகம். 1 முதல் 10 வரை எழுதிய சீட்டு டம்ளரில் பத்துமுகம், அதோடு நாணயம் இருபதுமுகம். எடுத்த சீட்டைத் திரும்பப் போட மறந்தால் கணக்கு கெட்டது. பலர் செய்யும் தப்பு, பன்னிரண்டுமுகத்துக்கு இரண்டு ஆறுமுகங்களை உருட்டிக் கூட்டுவது. அதில் 1 வரவே வராது, 7 ஆறில் ஒரு முறை வரும், 12 முப்பத்தாறில் ஒரு முறைதான். பன்னிரண்டுமுகம் உருட்டவேண்டிய கோடரியின் அடி சராசரியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

வாங்கிய பிளாஸ்டிக் பகடை உள்ளே காற்றுக்குமிழால் ஒருபக்கம் கனத்திருக்கிறதா என்று பார்க்க உப்புநீர்ச் சோதனை செய்யலாம். 200 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் சுமார் 70 கிராம் உப்பு, இனி கரையாது என்ற அளவுக்கு. குறைத்தால் மிதக்காது, ஏனென்றால் அக்ரிலிக் தண்ணீரைவிட 1.18 மடங்கு கனம். செறிந்த உப்புநீர் 1.2 மடங்குதான், மயிரிழை வித்தியாசம். வேறு வகை ரெசினில் வார்த்த பகடை இதிலும் மூழ்கலாம். அது குறையல்ல, சோதனை பொருந்தாது, அவ்வளவே. மிதக்கும் பகடையை விரலால் சுண்டிவிடுங்கள். பத்துத் தடவையும் அதே எண் மேலே வந்து நின்றால் அதை மணிப்பர்ஸில் போட்டுக்கொள்ளலாம், மேஜையில் வேண்டாம். முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசவேண்டும். முகங்கள் கோணலாக அரைக்கப்பட்டிருந்தால் இந்தச் சோதனை காட்டாது. ‘என் பகடை நூறு முறையில் பத்து முறை 1 போடுகிறது’ என்று புலம்புபவர்களுக்கு: இருபதுமுகத்தில் ஒவ்வொரு எண்ணும் நூற்றுக்கு 5 முறை என்பது சராசரி. ஏதாவது ஓர் எண் 9 அல்லது 10 முறை விழுவது சகஜம். 100 உருட்டல் போதாது. நாலுமுகம் ஒன்றுக்கு மட்டும் வேறு எச்சரிக்கை: இரவில் தரையில் கிடந்தால் நெருஞ்சிமுள்.

ஆட்டம் நடக்கும் இடத்தை வரைந்து காய் வைக்கும் விரிப்புக்கு வருவோம். ஆட்டத்தில் ஒரு கட்டம் 5 அடி, வழக்கமான விரிப்பில் 1 அங்குலம். வீட்டில் காயாகக் கேரம் காய்களை வைப்பவர்கள் இந்த 1 அங்குலத்தை நம்பிக் கட்டம் போட்டு ஏமாறுகிறார்கள். கேரம் காய் 3 செ.மீ.க்கு மேல், அங்குலமோ 2.54. நாலு காய் நெருங்கினால் ஒன்றையொன்று தள்ளும். கட்டத்தை 3.5 செ.மீ. ஆக வரையுங்கள். 22க்கு 28 அங்குல சார்ட்டில் ஏறக்குறைய 16க்கு 20 கட்டம் வரும், ஆட்டக் கணக்கில் 80 அடிக்கு 100 அடி. கோப்ளினின் சின்ன வில் தடையில்லாமல் எட்டும் தூரமும் 80 அடிதான், சார்ட்டின் அகலம் முழுக்க. இதற்கு மேல் பெரிய விரிப்பு தேவைப்படுவது அபூர்வம். சார்ட்டின் மேல் சாப்பாட்டு மேஜைக்குப் போடும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட்டை விரித்தால் அழித்து அழித்து வரையலாம். ஆனால் பேனா விஷயத்தில் கவனம். அந்த ஷீட்டும் கடையில் விற்கும் வினைல் விரிப்பும் ஒரே இனம். ஒயிட்போர்டு மார்க்கரின் சாயம் மெல்ல உள்ளே இறங்கிவிடும், அப்புறம் எதற்கும் போகாது. சிவப்புதான் எல்லாவற்றிலும் மோசம். ஓஎச்பி பேனாவில் தண்ணீரில் கரையும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அதே பெயரில் அழியாத வகையும் பக்கத்திலேயே தொங்கும். ஆட்டம் முடிந்த அன்றிரவே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், மூலையில் ஒரு கோடு போட்டுச் சோதித்த பிறகே முழுக்க வரையுங்கள்.

காயாக வைக்கும் சின்ன உலோக உருவங்களைப் பழைய சாமானில் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை கட்டுரையில் இருந்திருக்க வேண்டும். 1990களின் தொடக்கம் வரை வந்தவற்றில் பலவும் ஈயம் கலந்தவை. சாம்பல் வெள்ளைத் தூள் பூத்திருந்தால் ஈயம் அரித்துப்போகிறது என்று பொருள். சின்னப் பிள்ளைகள் கைக்கு அது போகக்கூடாது, தேய்த்துச் சுத்தம் செய்கிறேன் என்று தூளைப் பறக்கவிடவும் கூடாது. டிஎம் முன்னால் நிற்கும் மறைப்புத் திரைக்கு இரண்டு அட்டை ஃபைல்கள் போதும். படுக்கைவாட்டில் நிறுத்துங்கள். உயரமாக நிறுத்தினால் முகம் தெரியாமல் ரயில்வே டிக்கெட் கவுன்டர் ஆகிவிடும். உட்பக்கத்தில் ஒட்டவேண்டியவை: சுலபம் 10, நடுத்தரம் 15, கடினம் 20 என்ற எண்கள். அவற்றைவிட உபயோகமானது இருபது பெயர்கள். ஆடுபவர்கள் வழியில் போகும் ஆட்டுக்காரனிடம் ‘உன் பேர் என்ன?’ என்று கேட்டே தீருவார்கள். தயங்கினால் அந்த ஆள் பொய் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கூட ஆட ஆளில்லாத பிள்ளைக்கு என்ன வாங்குவது? கட்டுரை இதைத் தொடவே இல்லை. நாவலுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஒரு வகை இருக்கிறது. ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் 1982இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஃபைட்டிங் ஃபேன்டசி வரிசை. எண்ணிட்ட 400 பத்திகள், ‘இடப்பக்கம் போனால் 71க்குப் போ’ என்கிற மாதிரி. இரண்டு ஆறுமுகப் பகடை, பென்சில், அழிரப்பர் போதும். குறையையும் சொல்லிவிட வேண்டும். தொடக்கத்தில் ஒரு பகடையோடு 6 கூட்டுவதுதான் திறன் எண். அதில் 1 விழுந்து 7ஆக நின்றுவிட்டால், திறன் 10 உள்ள எதிரியிடம் நூறு சுற்றில் 16 சுற்றுதான் ஜெயிக்க முடியும், 76 தோல்வி, மீதி சமன். சரிசமமாக இருந்தால் 44க்கு 44. பிள்ளை நாலு தடவை செத்துவிட்டுப் புத்தகத்தைப் பரணில் போடும். முதல் புத்தகத்துக்கு மட்டும் திறனை 10 என்றே வைத்து ஆடச் சொல்லுங்கள். ஜோ டெவர் 1984இல் தொடங்கிய லோன் வுல்ஃப் வரிசைக்குப் பகடைகூட வேண்டாம், கடைசிப் பக்கத்து எண் அட்டவணையில் கண்ணை மூடிப் பென்சில் வைத்தால் போதும். அவர் உயிரோடிருந்தபோதே அனுமதி கொடுத்ததால் அந்தப் புத்தகங்கள் ப்ராஜெக்ட் ஆன் என்ற இணையத்தளத்தில் முறைப்படி இலவசமாகக் கிடைக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் முன் அங்கே ஒன்றை ஆடிப் பார்க்கலாம்.

விதிப்புத்தகம் பற்றியும் ஒரு வார்த்தை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யார் வேண்டுமானாலும் தமிழாக்கலாம், அச்சடிக்கலாம், விற்கலாம். டிரிஸ்ட், ரேஸ்ட்லின் போன்ற நாவல் நாயகர்களுக்கும் அவர்கள் உலகங்களுக்கும் அந்த அனுமதி இல்லை. மொழிபெயர்க்கத் துணிபவர்கள் ‘ஹிட் பாயிண்ட்’டைத் தூய தமிழாக்குவதில் ஒரு மாதத்தைச் செலவிட வேண்டாம். ஆடுபவர்கள் எப்படியும் ஹெச்பி என்றுதான் சொல்வார்கள். மந்திரங்களின் பெயர்களைத் தமிழாக்குங்கள், உரக்கச் சொல்லும்போது சுவை அங்கேதான்.

ஆக, முதல் மாதம் வாங்க வேண்டியவை: ஒரு பகடைத் தொகுதி, 64 பக்கத்துக்கு மிகாத ஒரு சாகசம், ஒரு சார்ட், ஒரு பேனா. நாவல், நாலைந்து ஆட்டம் முடிந்த பிறகு.

கடைசியாக ஒரு திருத்தம் போட வேண்டுகிறேன். ஏழு பகடைத் தொகுதியில் ‘பத்துமுகம் இரண்டு இருக்கும், ஒன்று தொலைந்தால் மாற்றாக’ என்று கட்டுரையில் இருக்கிறது. மாற்று அல்ல. ஒன்றில் 0 முதல் 9 வரை, மற்றொன்றில் 00, 10, 20 என்று 90 வரை இருக்கும். இரண்டையும் சேர்த்து உருட்டினால் நூற்றுக்கு எத்தனை என்ற எண். 40உம் 7உம் விழுந்தால் 47. 00உம் 0உம் சேர்ந்து விழுந்தால் 100, பூஜ்யம் அல்ல. ஆறு பகடை மட்டும் உள்ள ஸ்டார்ட்டர் செட்டில் பத்துமுகம் ஒன்றுதான். அதை இரண்டு முறை உருட்டுங்கள். முதலில் விழுவது பத்துகளா ஒன்றுகளா என்பதை உருட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி